எண்ணூருக்குப் போனது ஒரு கையெழுத்துக்காக

சென்னையில் ஐந்து வருடம் படித்திருக்கிறேன். அந்த ஐந்து வருடத்தில் பாரிமுனைக்கு வடக்கே ஒருமுறைகூடப் போனதில்லை. என்னோடு ஆய்வகத்தில் இருந்த தேசப்பன் எண்ணூர் கழிமுகத்தில் இருக்கும் நெட்டுக்குப்பத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்துபோவான். "ஒரு நாள் வூட்டுக்கு வாடா மாமு, நண்டு துன்னலாம்" என்று வாரம் தவறாமல் கூப்பிடுவான். போகவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, ரைன் நதிக்கரையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி அனுப்பிவைத்தபோதுதான் போனேன்.

கம்பெனி எனக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தது. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலை எங்கள் மருந்து ஒன்றுக்கான மூலப்பொருளைத் தயாரித்துக் கொடுக்கிறது. சில மாதங்களாகச் சரக்கு கெட்டுக்கொண்டிருந்தது. ஏன் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வேலை என் கைப்பையில் ஒற்றைத் தாளாக இருந்தது. அந்தத் தயாரிப்பு முறைக்கான காப்புரிமையில் கண்டுபிடித்தவர்கள் என்று இரண்டு பெயர் இருக்கிறது: என் பேராசிரியர், நான். போட்டிக் கம்பெனி ஒன்று இப்போது வழக்குப் போட்டிருக்கிறது. பழைய ஆய்வக நோட்டில் மூன்றாவதாக ஒருவர் எழுதியிருக்கிறாரே, அவர் பெயர் எங்கே என்று கேட்கிறார்கள். எங்கள் வழக்கறிஞர் அம்மையார் தாளை என்னிடம் கொடுத்து, "அவர் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் நண்பர்தானே?" என்றார்.

தனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் பங்கில்லை என்று அந்த மூன்றாமவர் ஒப்புக்கொள்ளும் தாள் அது. மூன்றாமவர் தேசப்பன்.

விஷயம் இதுதான். நாம் விழுங்கும் பல மாத்திரைகளுக்குள் அணுக்கள் வளையம் வளையமாகக் கைகோத்து நிற்கின்றன. வளையத்தில் ஒன்றிரண்டு இடத்தில் கார்பனுக்குப் பதிலாக நைட்ரஜன் இருக்கும். பூச்சி மாத்திரையிலும் வயிற்றெரிச்சல் மாத்திரையிலும் இருப்பது அப்படி ஒரு வளையம். அதை மூடுவதுதான் பெரும்பாடு. ஏதாவது ஓர் உலோகம் இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்துவைத்துவிட்டு விலக வேண்டும். பல்லேடியம் நன்றாகச் செய்யும், ஆனால் தங்கத்தோடு போட்டி போடும் விலை. நாங்கள் செம்பை வைத்து முயன்றோம். இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பது பேராசிரியரின் நம்பிக்கை. அதனால் நைட்ரஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டுக் குடுவையிலிருந்து காற்றை விரட்டிக்கொண்டே இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை சிலிண்டர் தீர்ந்துபோனது. நான் சினிமாவுக்குப் போய்விட்டேன். தேசப்பன் கொளத்தூருக்குப் போய், வண்ணமீன் தொட்டிக்குக் காற்று விடும் சின்னப் பம்பு ஒன்றை வாங்கிவந்து, அதன் குழாயைக் குடுவைக்குள் விட்டான். திங்கட்கிழமை வளையம் மூடியிருந்தது. செம்பு இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது காற்றைத்தான்.

அடுத்த மூன்று மாதம் அவன் நோட்டு நிறைய எழுதினான். பிறகு அவன் அப்பாவுக்குப் படகில் அடிபட்டு இடுப்பு போனது. தேசப்பன் ஒரு மாதத்துக்கும் மேலாக வரவில்லை. பேராசிரியர் ஆய்வு மாணவர் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு, நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இதை நீ முடி" என்றார். முடித்தேன். அவனுக்கு வந்த விளைச்சல், அதாவது போட்டதில் எவ்வளவு சரக்காகிறது என்ற கணக்கு, எனக்கு ஒருநாளும் வரவில்லை. கட்டுரையில் அவன் எண்களையே போட்டோம். பெயரைப் போடவில்லை. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில்கூட.

வெள்ளிக்கிழமை காலை. ராயபுரத்தில் தங்கியிருந்த இடத்துக்குக் கீழே ஒரு கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் துறைமுகத்து வேலைக்குப் போகிற நான்கு பேர் முந்தின நாள் கிரிக்கெட் மட்டையடியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வடகறி கண்ணில் நீர் வரவைத்தது. ரைன் கரையில் காரம் என்றால் மிளகுப்பொடி டப்பாவைத் தொட்டுவிட்டு வைப்பார்கள்.

ஆட்டோக்காரருக்கு வயது அறுபது இருக்கும். நெட்டுக்குப்பம் என்றதும் என் சட்டையையும் ஷூவையும் ஒருமுறை பார்த்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறிய பத்தாவது நிமிடம் வண்டி நின்றது. முன்னால் கன்டெய்னர் லாரிகள், கண்ணுக்கு எட்டிய வரைக்கும்.

"என்னங்க இது, விபத்தா?"

"ஆக்சிடென்ட்டா? டெய்லி இதான் சார். காத்தால வந்து நின்ன லாரி சாய்ந்தரமா ஹார்பர் உள்ள பூரும். டிரைவருங்கோ கீயயே அடுப்பு மூட்டி சோறாக்கித் துன்றானுங்கோ, பாரு."

உண்மைதான். இரண்டு லாரிக்கு நடுவில் பம்ப் ஸ்டவ்வை வைத்து ஒருவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். வடக்கத்திக்காரர். போனில் யாரிடமோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது: "குழந்தைக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். நான் இந்த வரிசையிலிருந்து வெளியே வரும்போது அது நடக்க ஆரம்பித்திருக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

திருவொற்றியூர் தாண்டியதும் ஆட்டோவின் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தது. ஆட்டோக்காரர் இறங்கி வண்டியை ஓர் உதை விட்டார். "பேஜாரு புட்ச்ச வண்டி. நீ ஷேர் ஆட்டோல பூடு சார்" என்றார். எங்கள் ஊரில் டிராம் மூன்று நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒரு மீன் கூடை வந்து உட்கார்ந்தது. அதன் சொந்தக்காரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நெட்டுக்குப்பத்தில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மின் நிலையங்களின் புகைபோக்கிகள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. தேசப்பன் வீட்டைக் கேட்டதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கை காட்டினார்கள். மாடி எடுக்காத சின்ன வீடு. வாசலில் நர்ஸ் உடையில் ஒரு பெண் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"யாரு வேணும்?"

"தேசப்பன் கூடப் படிச்சவன். பேரு குமரேசன்."

ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டாள். "வெளிநாட்ல கீற குமரேசனா?"

தலையாட்டினேன். அவள் பெயர் ஸ்டெல்லா. தேசப்பனின் மனைவி. ராயபுரத்துப் பெண், திருவொற்றியூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். சிரிக்கவில்லை.

"அவரு டூட்டிக்குப் பூட்டாரு. மணலில கெமிக்கல் கம்பெனி. கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற எடத்துல கான்ட்ராக்ட்டுல இருக்காரு." கம்பெனி பெயரைச் சொன்னாள். நான் மறுநாள் போகவேண்டிய தொழிற்சாலை அதுதான்.

பெரிய தற்செயல் என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்தால் அப்படித் தோன்றவில்லை. வேதியியலைப் பாதியில் விட்ட நெட்டுக்குப்பத்துக்காரன் வேலை தேடி மணலிக்குத்தான் போவான். மலிவாகச் செய்து வாங்க நினைக்கும் என் கம்பெனியும் அங்கேதான் போகும்.

"இத்தன வருசம் கழிச்சி இன்னா விசயம்?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"சும்மா, பாத்துட்டுப் போகலாம்னு."

"சும்மா பாக்க யாரும் நெட்டுக்குப்பம் வர்றதில்ல சார்" என்றாள். பூட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.

சாயங்காலம் பாரிமுனைப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பிவந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயத்தைத் தூவி, முட்டைக்குள் பூண்டை அடைத்துக் கொடுத்தார்கள். அருமையாக இருந்தது. ஐந்து வருடம் இதற்கு அரை மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு விடுதிச் சாம்பாரைத் திட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை தொழிற்சாலை. வாசலில் பூச்செண்டு, உள்ளே முந்திரி, பிறகு படம் போட்டு ஒரு விளக்கம். மேலாளர் தங்கமான மனிதர்போல் பேசினார். பெரிய கலன்களைக் காட்டினார்கள். ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் சேறு படிந்திருந்தது. செத்துப்போன செம்பு. வளையம் பாதியில் நின்றுபோவதால் மேலும் மேலும் செம்பைக் கொட்டுகிறோம் என்றார்கள். உங்கள் காப்புரிமையில் எழுதியிருக்கிறபடியேதான் செய்கிறோம் என்றும் சொன்னார்கள். எழுதியது நான்தான்.

அப்போது மேலாளர் ஷிப்ட் பொறுப்பாளரின் பக்கம் திரும்பித் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: "இந்த ஆளை முன்பக்கமே சுற்றிக் காட்டிச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போ. பின்னால் தொட்டிப் பக்கம் வேண்டாம்."

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. நாமக்கல் பக்கம் அப்படி நிறையக் குடும்பங்கள் உண்டு. அது அவருக்குத் தெரியாது. "சாப்பாட்டுக்கு முன்னால் தொட்டிகளைப் பார்த்துவிடலாமே" என்று தெலுங்கிலேயே சொன்னேன். மேலாளரின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

பின்பக்கம் திறந்த தொட்டிகள் வரிசையாக இருந்தன. முதல் தொட்டியில் தண்ணீர் மயில்கழுத்து நீலத்தில் நின்றது. செம்பு. தொட்டி விளிம்பில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் கண்ணாடிக் குழாயை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். முடி பாதி நரைத்திருந்தது. குழாயைப் பிடித்த விதத்தில் அடையாளம் தெரிந்தது.

"இன்னா மாமு" என்றான். நேற்று மாலை பிரிந்தவன் மாதிரி. "நண்டு துன்ன இப்பதான் நேரம் கெடச்சதா?"

மேலாளருக்கு எங்களை ஒன்றாகப் பார்க்கப் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் தனியாக விடும்படி கேட்டேன். விட்டார், ஆனால் கூப்பிடு தூரத்திலேயே நின்றுகொண்டார்.

"இது என்ன செய்யறாங்கன்னு உனக்குத் தெரியுமா தேசப்பா?"

"மொத நாளே தெரியும். அந்த சரக்கு வாசன எனக்கு மறக்குமா? அப்பால தண்ணி நீலமா வந்துச்சி. சரி, நம்ம ஆளு வந்துட்டான்னு நெனச்சிகினேன்." தொட்டியைக் காட்டினான். "முன்னால அவங்கோ பண்றாங்கோ. பின்னால அத்த நான் கயுவறேன். சுண்ணாம்பு போட்டா காப்பர் அடில குந்திக்கும். ஆனா இவ்ளோ காப்பர் வந்தா நான் இன்னாத்த பண்றது? நான் ஆய்வகத்துல போட்டதுக்கு நாலு பங்கு போடறாங்கோ."

"யார்கிட்டயாவது சொன்னியா, இது உன்னோட..."

"யாராண்ட? கேட்டு செக்யூரிட்டியாண்டயா?" சிரித்தான். "அவங்கோ மேல தப்பில்ல மாமு. நீ எழுதனத படிச்சி பண்றாங்கோ. நீ ஒண்ண வுட்டுட்ட."

"எதை விட்டேன்?"

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேசப்பன் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். "நாளிக்கு ஞாயித்துக்கெயம. வூட்டுக்கு வா. ஸ்டெல்லா மீன் வாங்கறேன்னுச்சி."

ஞாயிறன்று கும்மிடிப்பூண்டி போகும் ரயிலில் எண்ணூரில் இறங்கிப் போனேன். கைப்பை தோளில் இருந்தது. வீட்டில் காலா மீன் குழம்பு, வறுத்த கெழங்கா மீன், தனிக் கிண்ணத்தில் நண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கூப்பிட்ட சாப்பாடு. குழம்பை நான் இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஆத்து நண்டா?" என்று கேட்டேன்.

"காசிமேட்டுல வாங்கனது" என்றாள் ஸ்டெல்லா. "ஆத்துல கெடைக்கறத நாங்க துன்றதில்ல. இவங்க அண்ணனே ஆத்துல வலை போடறத வுட்டுட்டு காசிமேட்டுல விசைப்படகுக்குப் போறாரு."

ரைன் ஓரத்து எங்கள் ஊரிலும் நதிக்கரை முழுக்க மருந்துத் தொழிற்சாலைகள்தான். கோடையில் அலுவலகம் முடிந்ததும் ஜனங்கள் துணிமணியை நீர் புகாத பையில் கட்டிக்கொண்டு அந்த நதியில் குதித்து மிதந்தபடியே வீட்டுக்குப் போவார்கள். நானும் போயிருக்கிறேன். அந்தத் தண்ணீர் ஏன் சுத்தமாக இருக்கிறது என்று அன்று நண்டின் ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது யோசித்தேன். அழுக்கான வேலைகளை நாங்கள் வேறு நதிக்கு மாற்றிவிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்து தாளை எடுத்தேன். வழக்கைப் பற்றிச் சொன்னேன். தேசப்பன் வாங்கி நிதானமாகப் படித்தான். படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தான்.

"இது வக்கீல் இங்லீஷ்" என்றாள் ஸ்டெல்லா. "நீங்களே தமிழ்ல சொல்லுங்க சார்."

"அவனுக்குப் புரியும்மா."

"எனக்குப் புரியணும். உங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். "இந்தக் கண்டுபிடிப்பின் எண்ணத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. மற்றவர்கள் சொன்னபடி கைவேலை மட்டுமே செய்தேன்." விமானத்தில் அதைப் பலமுறை படித்திருந்தேன். ஆங்கிலத்தில் படிவங்களில் இருக்கும் சாதாரண வாக்கியமாகத் தெரிந்தது. அந்தக் கூடத்தில், மீன் குழம்பு வாசனைக்கு நடுவில், என் குரலில் கேட்டபோது எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கைவேலைன்னா?"

"அவன் யோசிக்கல, செஞ்சான்னு அர்த்தம்."

ஸ்டெல்லா எழுந்தேவிட்டாள். "சார், இவரு என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி அர மணி நேரம் மீன் தொட்டிப் பம்பப் பத்தியே பேசுனாரு. இந்தாளுக்கு இன்னாமோ ஆயிடிச்சின்னு எங்கம்மா பயந்தே பூட்டாங்க. காத்துதான் வேணும், காத்துதான் வேணும்னு இது இன்னான்னே தெரியாத எங்களாண்ட சொன்னாரு. இவரு யோசிக்கலயா?"

"ஸ்டெல்லா, குந்து" என்றான் தேசப்பன். பிறகு என்னிடம், "போட மாட்டேன் மாமு. கோவத்துல சொல்லல. பொய்யின்னு தெரியும், அதான்."

அடுத்து நான் செய்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. வழக்கு தோற்றால் எங்கள் கம்பெனி இந்த மருந்தையே கைவிடலாம் என்றேன். அப்படிக் கைவிட்டால் மணலித் தொழிற்சாலைக்கு ஆர்டர் நிற்கும் என்றேன். முதலில் வீட்டுக்கு அனுப்புவது ஒப்பந்தத் தொழிலாளிகளைத்தான் என்றேன். குரலில் அக்கறையை வரவைத்துக்கொண்டு சொன்னேன். தேசப்பன் கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"வா, ஆத்தப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

கரையில் இரண்டு ஃபைபர் படகுகள் கவிழ்த்துக் கிடந்தன. தண்ணீர் இறங்கியிருந்தது. சேற்றில் கொக்கு ஒன்று ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடந்தது. அவன் ஒரு படகின் மேல் உட்கார்ந்தான்.

"மயை வந்தா என் தொட்டி தாங்காது மாமு. வயிஞ்சி கால்வாய்ல பூடும். கால்வாய் எங்க வரும்? இங்கதான் வரும். போன வருசம் மயைல நைட்டு டூட்டி ஆளு நானில்ல. ஆனா எனக்குத் தெரியும், எவ்ளோ போயிருக்கும்னு. நான்தான டெய்லி அளக்கறேன்." சேற்றைக் காட்டினான். "நாலு பங்கு போடறத ஒரு பங்கா ஆக்கணும். அதுக்கு ஒரே வயி கீது."

"எதை விட்டேன் தேசப்பா?"

"நீ குடுவைல எல்லாத்தையும் போட்டு உடனே சூடு பண்ணுவ. நான் பண்ண மாட்டேன். சூடே இல்லாம மொதல்ல காத்த வுடுவேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். நீலமா இருக்கறது பாசி மாரி பச்சையாவும். அப்பதான் காப்பர் சரக்கப் புடிச்சிகிச்சின்னு அர்த்தம். அப்பால சூடு பண்ணா அது சாவாது. முன்னாடியே சூடு பண்ணிட்டா சேறாயி அடில பூடும்."

எனக்கு உடனே புரிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் ஒவ்வொரு நாளும் அவன் எனக்கு முன்னால் வந்து பம்பைப் போட்டுவைத்திருப்பான். நான் பத்து மணிக்கு வந்து அடுப்பை மூட்டுவேன். என் கண்ணில் படும்போது அது எப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. ஏன் பச்சை என்று நான் கேட்டதே இல்லை.

"நோட்டுல இது இல்லையே."

"எயுதறதுக்குள்ள அப்பாவுக்கு அடிபட்டுச்சி. வந்து எயுதலாம்னு இருந்தேன்." கையை நீட்டினான். "பேனா குடு. அந்தத் தாளையும் குடு."

கையெழுத்துப் போடப்போகிறான் என்று நினைத்தேன். நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதையும் எழுதிவிடுகிறேன். அவன் தாளைத் திருப்பினான். பின்பக்க வெள்ளையில், படகின் முதுகை மேசையாக வைத்துக்கொண்டு, எவ்வளவு செம்பு, எவ்வளவு நேரம் காற்று, எந்த நிறம் வரும்வரை, எப்போது சூடு என்று ஆங்கிலத்தில் வரிசையாக எழுதினான். பழைய நோட்டில் இருந்த அதே சாய்ந்த எழுத்து.

"பேரு போடறது உன் இஷ்டம் மாமு. அதுக்காவ நான் உன்னாண்ட வந்து நிக்க மாட்டேன். இத்த மட்டும் அவங்களப் பண்ண வையி. நான் சொன்னா கேக்க மாட்டாங்கோ. வெளிநாட்லேர்ந்து நீ சொன்னா கேப்பாங்கோ."

ஷேர் ஆட்டோ வரைக்கும் கூட வந்தான், என் போன் நம்பரை வாங்கிக்கொண்டான். ஸ்டெல்லா வாசலிலேயே நின்றாள். வண்டி கிளம்பும்போது அவன் கை காட்டினான், அவள் காட்டவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் வழக்கறிஞர் அம்மையார் என் அறைக்கு வந்தார். கையெழுத்து ஆயிற்றா என்றார். இல்லை என்றேன். அவர் முகம் வாடுவதற்குள் புதிய வழியைப் பற்றிச் சொன்னேன். முதலில் சூடில்லாமல் காற்று, பச்சை, பிறகு சூடு. ஒரு சின்னக் குடுவையில் காலையிலேயே செய்தும் பார்த்திருந்தேன். வந்தது. பன்னிரண்டு வருடமாக எனக்கு வராத விளைச்சல் முதல்முறையிலேயே வந்தது.

அவர் துள்ளிக் குதிக்காத குறை. இது புதிய விஷயம், இதற்குப் புதிதாகவே விண்ணப்பிக்கலாம், பழைய காப்புரிமையை அவர்கள் எடுத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்றார். அந்த நண்பரின் கையெழுத்தே இனி வேண்டாம். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்: "இதைக் கவனித்தது யார்?"

தமிழில் என்றால் "தொழிற்சாலையில் இருந்தபோது கவனித்தது" என்று ஆளைச் சொல்லாமல் தப்பியிருக்கலாம். அவர் ஆங்கிலத்தில் யார் என்று கேட்டபின் அதற்குச் சுலபமான வழியில்லை. யார் என்று சொல்லித்தான் வாக்கியத்தைத் தொடங்க வேண்டும். நான் என்று தொடங்கினேன்.

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் ஆயிற்று. என்னை யாரும் மிரட்டவில்லை. தேசப்பன் பெயரைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. பழைய கதை கிளறப்படும், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்த நாலு பேரின் பார்வைக்காகத்தான். படிவத்தில் கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. கீழே, இதில் வேறெவருக்கும் பங்கில்லை என்று உறுதி கூறும் வரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன். தேசப்பன் எழுதிய தாளை, பக்கத்து அறையில் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் நானே கொண்டுபோய் விட்டேன்.

மணலிக்குப் புதிய முறையை அனுப்பினோம். வெளிநாட்டிலிருந்து போனதால் மறு கேள்வி கேட்காமல் செய்தார்கள். சரக்கு தேறியது.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் போனில் ஸ்டெல்லாவின் குரல் பதிவு ஒன்று வந்தது. மருத்துவமனையிலிருந்து பேசியிருக்கிறாள், பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், தண்ணி இப்ப நீலமே இல்லியாம். லேசா கண்ணாடி மாரி வருதாம். அவரு உங்களுக்கு தேங்க்ஸ் சொல்ல சொன்னாரு. நான் அன்னிக்கி உங்களாண்ட சரியாப் பேசல, மனசுல வெச்சிக்காதீங்க. பேரு போட்டீங்களான்னு நாந்தான் கேக்கறேன், அவரு கேக்க சொல்லல."

கேன்டீனில் உட்கார்ந்து அதை மூன்றுமுறை கேட்டேன். கட்டைவிரல் உயர்த்திய படத்தை அழுத்தினேன். நன்றிக்கா, கேள்விக்கா என்று அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. இந்த முறை எழுத்தில்.

"பேரு போட்டாச்சின்னு அவர்கிட்ட போன் பண்ணி சொல்லிட்டேன் சார். அழுதுட்டாரு."